பழைய ஃபைபர் படகு வாங்கியாயிற்று, கடலில் இறக்கும் முன் எதைப் பார்ப்பது?

சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நீங்கள், தொண்டிப் பக்கம் 28 அடி ஃபைபர் படகு ஒன்றை 9.9 குதிரைத்திறன் எஞ்சினோடு வாங்கியிருக்கிறீர்கள். படகு சுனாமிக்கு அடுத்த சில ஆண்டுகளில் செய்தது. எஞ்சின் அதைவிட இளையது, டூ ஸ்ட்ரோக். விற்றவர் பழைய பதிவு எண்ணின்மேலும் சேர்த்துப் புதுப் பெயிண்ட் அடித்து, எஞ்சினை ஒரே இழுப்பில் ஓடவிட்டுக் காட்டியிருக்கிறார். விலையில் ஒரு பகுதியை நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை. இனி எதைத் திறந்து பார்ப்பது, எதை மாற்றுவது, வருடம் முழுக்க எப்படிப் பராமரிப்பது, ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

எஞ்சின் ஓடுகிறது என்பது நல்ல செய்திதான். ஆனாலும் முதல் வேலையாக அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். பழைய படகு வாங்குகிற எல்லோரும் எஞ்சினைத்தான் முதலில் திறக்கிறார்கள். கோளாறான எஞ்சினைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம், வேறொன்றை மாட்டலாம். அதைத் தாங்கும் பின்பலகை உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தால், நாற்பது கிலோ எஞ்சினும் நீங்களும் கரைக்கு எப்படி வந்து சேர்வீர்கள் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. புதுப் பெயிண்டையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். விற்பதற்கு முந்தின வாரம் அடித்த பெயிண்ட் படகுக்காக அடித்தது அல்ல.

ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படகைச் சுற்றி வாருங்கள்: தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குள் எங்கெல்லாம் போயிருக்கிறது? மரத்துக்குள், ஃபோமுக்குள், ஃபைபர் அடுக்குகளுக்குள், கியர் ஆயிலுக்குள், பெட்ரோலுக்குள் என்று பழைய படகின் நோய்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

பின்பலகையிலிருந்து தொடங்குங்கள். வெளியே பார்த்தால் முழுக்க ஃபைபர் போலத் தெரியும். உள்ளே இருப்பது பிளைவுட். அதன் இரு பக்கமும் ஃபைபர் மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பை ஒட்டி மூடியிருப்பார்கள். எஞ்சின் முன்னோக்கித் தள்ளும்போது அதை மாட்டும் சட்டத்தின் அடிப்பகுதி பலகையை அழுத்துகிறது, மேல்பகுதி பலகையைப் பின்னால் இழுக்கிறது. ஒவ்வோர் அலைக்கும் இந்த இழுபறி நடக்கிறது. எஞ்சினை இறுக்கும் போல்ட்டுகளுக்காகப் போட்ட துளைகளில் பூச்சு சரியாக இல்லையென்றால் அந்த வழியாகத்தான் தண்ணீர் நுழையும். நுழைந்த தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. வெயிலில் காயவும் முடியாமல் பலகை உள்ளேயே மக்குகிறது. வெளித்தோல் மட்டும் பளபளவென்று நிற்கும்.

சோதிப்பது எளிது. சுத்தியலின் மரப்பிடியால் அல்லது ஒரு ரூபாய் நாணயத்தால் பலகை முழுவதையும் விரல்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கெட்டியான ஒலி வரும், இற்ற இடத்தில் தொப்பென்று அமுங்கும். சத்தம் மாறும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அடுத்து, எஞ்சினைத் திரும்ப மாட்டி, மேலே தூக்கி நிறுத்தி, தண்ணீருக்குள் இறங்கும் அதன் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். இன்னொருவர் பின்பலகையும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் கண்ணை வைத்துக்கொள்ளட்டும். எஞ்சின் அதன் கீலில் ஆடலாம், பலகை ஆடக்கூடாது. மூலையில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு வாய் திறந்து மூடினாலும் அது தீர்ப்புதான்.

சந்தேகம் தீரவில்லையென்றால் கீழ்ப்பக்கத்து போல்ட் ஒன்றைக் கழற்றுங்கள். துளையிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் கசிந்தால் வேறு சோதனை வேண்டாம். காய்ந்திருந்தால், உட்பக்கத்திலிருந்து 3 மில்லிமீட்டர் துரப்பணத்தால் இரண்டு மூன்று இடத்தில் துளை போட்டு, வெளியே வரும் தூளை உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உதிர்ந்து விழுந்தால் பலகை நன்றாக இருக்கிறது. கறுத்து, ஈரமாக, விரலில் நசுங்கினால் பலகையை மாற்ற வேண்டும். துளைகளைப் பிறகு எப்பாக்ஸி வைத்து அடைத்துவிடலாம்.

மாற்றுவது பெரிய வேலைதான், ஆனால் ஊர்ப் பட்டறையில் நடக்கிற வேலை. உட்தோலை அறுத்து எடுத்து, இற்ற பிளைவுட்டைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, பழைய தடிமனுக்கே புதுப் பலகை வைத்து, மேலே மேட் அடுக்க வேண்டும். பலகை வாங்கும்போது ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்தானா என்று பாருங்கள். அலமாரிக்குப் போடும் பிளைவுட்டை மேலே ரெசின்தான் மூடுகிறதே என்று வைக்கிறவர்கள் உண்டு. பக்கத்தில் நின்று பாருங்கள், பட்டறைக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

போல்ட் துளைக்கு ஒரு முறை உண்டு, அதைக் கேட்டுச் செய்ய வையுங்கள். வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளை போட்டு, அதை முழுக்க எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் போல்ட்டுக்கான சரியான துளையைப் போட வேண்டும். இப்படிச் செய்தால் பூச்சு பிற்பாடு விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. போல்ட்டைச் சுற்றிப் பூச பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள். குளியலறைக்குப் போடும் சிலிக்கான் இங்கே நிற்காது.

அடுத்தது மூடிய அறைகள். அணியத்திலும் (படகின் முன்முனை) பின்பக்கத்திலும், சில படகுகளில் குறுக்குப் பலகைகளுக்கு அடியிலும், படகு கவிழ்ந்தாலும் மிதப்பதற்காக ஃபோம் அடைத்து மூடியிருப்பார்கள். இருபது வருடத்துப் படகில் அந்த ஃபோம் தண்ணீர் குடித்திருக்கும் வாய்ப்பு அதிகம். படகு முன்பைவிடத் தாழ்ந்து மிதக்கிறது, ஒரு பக்கம் சாய்கிறது, கரையேற்ற வழக்கத்தைவிடக் கூடுதல் ஆள் வேண்டியிருக்கிறது என்றால் அதுதான் காரணம். பழைய உரிமையாளரைக் கேட்காதீர்கள், அவரோடு கடலுக்குப் போன ஆட்களைக் கேளுங்கள். உண்மை அங்கிருந்துதான் வரும். படகைச் சாய்வாக நிறுத்தி, அறையின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு துளை போட்டு ஓர் இரவு விடுங்கள். சில சொட்டு வந்து நின்றால் கவலையில்லை. மறுநாளும் ஒழுகிக்கொண்டே இருந்தால் அறையைத் திறந்து ஃபோமை எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். சிக்கனத்துக்காகத் தெர்மகோல் வைக்கச் சொல்லாதீர்கள். பாலியெஸ்டர் ரெசின் பட்ட இடமெல்லாம் தெர்மகோல் கரைந்து குழியாகிவிடும். பாலியூரித்தேன் ஃபோம் கரையாது.

இனிப் படகின் அடி. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் ஃபைபர் படகுகள் அவசர அவசரமாகச் செய்யப்பட்டன. நல்ல பட்டறையும் இருந்தது, அச்சு மட்டும் வைத்துக்கொண்டு மேட்டைக் குறைத்த பட்டறையும் இருந்தது. உங்கள் படகு எந்த வகை என்பதைத் தடிமன் சொல்லும். பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்குகிறதா, வெயில் நேரத்தில் உள்ளே நின்று பார்த்தால் அங்கங்கே வெளிச்சம் அதிகமாக ஊடுருவுகிறதா என்று பாருங்கள். திட்டுத் திட்டாக வெளிச்சம் தெரிந்தால் மேட் சீராகப் போடவில்லை. பெயிண்ட் கனமாக இருந்தால் இந்தச் சோதனை பலிக்காது, நாணயத்தால் தட்டுவதுதான் வழி.

படகின் அடிமுதுகான ஏரா மணலில் இழுபட்டுத் தேய்ந்திருக்கும். மேல்பூச்சான ஜெல்கோட் போய் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை வெளியே தெரிந்தால், அந்த இழை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரைப் படகின் உடம்புக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். அணியத்தின் அடி வளைவிலும் பின்பலகைக்குக் கீழும் விரலால் தடவிப் பாருங்கள். முடிபோலக் குத்தினால் அங்கே வேலை இருக்கிறது. நெடுநாள் நங்கூரம் போட்டுக் கிடந்த படகு என்றால் நீர்மட்டத்துக்குக் கீழே சிறு கொப்புளங்களும் இருக்கலாம். ஒன்றைக் கண்ணாடி அணிந்துகொண்டு குத்திப் பாருங்கள். புளித்த காடி வாசனையோடு திரவம் வந்தால் ஜெல்கோட்டுக்குப் பின்னால் தண்ணீர் வேலை செய்திருக்கிறது என்று பொருள். நாலைந்து கொப்புளத்துக்குப் பயப்பட வேண்டாம். அடி முழுக்கப் பொரிந்திருந்தால் உரித்துக் காயவைத்துப் பூசும் பெரிய செலவு காத்திருக்கிறது.

வெடிப்புகளில் இரண்டு வகை உண்டு. ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகப் பிரிவது, எங்கோ மோதிய தழும்பு. அதற்கு நேர் உட்பக்கத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. குறுக்குப் பலகையோ வங்கோ (படகின் விலாச்சட்டம்) சேரும் இடத்தில் இணைகோடுகளாக ஓடும் வெடிப்பு இதைவிட மோசம். அந்த இடம் ஒவ்வோர் அலைக்கும் வளைந்து நிமிர்கிறது என்பதற்கு அடையாளம் அது. மேலே பூசி மறைத்தால் மறுபடி வரும். உள்ளிருந்து கூடுதல் மேட் வைத்துக் கட்ட வேண்டும்.

ஒட்டு வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எம்-சீல் வைத்து அடைத்த ஓட்டை கரைக்கு வந்து சேரும்வரைக்குத்தான். நிரந்தர ஒட்டு என்றால் ஓட்டையைச் சுற்றித் தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சுற்றிலும் 6 சென்டிமீட்டர். தேய்த்த இடத்தை நன்னீரில் கழுவி, பல நாள் வெயிலில் காயவைத்து, அசிட்டோன் போட்டுத் துடைத்த பிறகுதான் ரெசின். ஈரத்தின்மேல் ஒட்டிய மேட் ஒரு பருவம்கூடத் தாங்காது, தகடாக எழுந்து வரும். நீங்களே ஒட்டுவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட் ஆக்ஸலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடித்துத் தீப்பிடிக்கும். ஆக்ஸலரேட்டரை முதலில் ரெசினில் முழுக்கக் கலந்துவிட்டு, ஒட்டும் நேரத்தில் தனியாகக் கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும், கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் வரை. உச்சி வெயிலில் குறைந்த அளவே போதும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. பட்டறைகளில் யாரும் கண்ணாடி போடுவதில்லை என்பதைப் பார்த்து நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

அடி நன்றாக இருக்கிறதா என்று உறுதி செய்ய, படகைச் சமமான மணல் மெத்தையில் உட்காரவைத்து, உள்ளே நாலு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே ஈரம் பூக்கிறது என்று பார்க்கலாம். அதற்குமேல் ஊற்றாதீர்கள். இந்த அளவுக்கே நூற்றுக்கணக்கான கிலோ சுமை ஏறும்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது ஒருமுறை கடலுக்குள் விழுந்து எழுந்த எஞ்சினா என்பது. மேல்மூடியைத் திறந்து, மேலே சுழலும் ஃபிளைவீல் சக்கரத்துக்கு அடியிலும் ஒயர் முனைகளிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, ஒரே ஒரு மூலையில் மட்டும் போல்ட் தலைகள் துருவேறியிருக்கின்றனவா என்று பாருங்கள். எஞ்சின் உடம்பில் மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தாலும் கேள்வி கேளுங்கள். விழுந்தவுடன் கழுவிச் சரிசெய்த எஞ்சின் பல வருடம் ஓடும். உப்போடு சில நாள் கிடந்தது என்றால் பேரிங்குகளில் அரிப்பு தொடங்கியிருக்கும். அது ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆவதால் தெரிய வராது.

சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தமான கம்ப்ரஷனைப் பார்க்க மெக்கானிக்கிடம் மீட்டர் இருக்கும். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒயர்களை எஞ்சின் உடம்போடு தொட வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். ஒயரை அந்தரத்தில் விட்டு இழுத்தால் இக்னிஷன் யூனிட் போய்விடலாம். எண் எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பதுதான் முக்கியம். இருந்தால் பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம், சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருக்கலாம். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் என்றால் கரி படிந்து ரிங் ஒட்டுவது சகஜம், பல நேரம் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும்.

கியர் ஆயில் சோதனையை நீங்களே செய்யலாம். எஞ்சினை நிமிர்த்தி ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் அடிக்காலில் உள்ள கீழ்த் திருகைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, முதலில் வரும் சொட்டுகளை வெள்ளைத் தாளில் பிடியுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் உள்ளே புகுந்திருந்தால் முதல் சொட்டே தண்ணீராகத்தான் விழும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலும் அதே கதை. திருகின் முனையில் மெல்லிய கருஞ்சேறு ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம், நகத்தில் தட்டுப்படும் இரும்புச் சில்லு என்றால் பல்சக்கரம் உடைகிறது. திரும்ப நிரப்பும்போது கீழ்த் துளை வழியாகவே ஏற்றுங்கள். மேல் துளையில் எண்ணெய் காற்றுக்குமிழி இல்லாமல் வழியும்வரை ஏற்றி, மேல் திருகை முதலில் மூடி, பிறகு கீழே மூட வேண்டும். வாஷர்கள் இரண்டும் புதிதாக இருக்கட்டும்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்பதற்கு நம் கரையில் பெரும்பாலும் ஒரே குற்றவாளிதான், தங்கூசி எனும் நைலான் நரம்பு. அறுந்த தூண்டில் நரம்போ வலைத்துண்டோ காற்றாடியில் (புரொப்பெல்லர்) சிக்கி, அதன் அச்சைச் சுற்றி இறுகி, சூட்டில் உருகி, ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. காற்றாடியைக் கழற்றி அதற்குப் பின்னால் உள்ள வளையத்தையும் எடுத்தால்தான் பச்சை நிறத்தில் ஒரு கெட்டியான மோதிரம்போலச் சுற்றிக் கிடப்பது தெரியும். கத்தியால் சீலைக் கீறாமல் வெட்டி எடுங்கள். வாங்கியவுடன் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை காற்றாடியைக் கழற்றுவது வழக்கமாகட்டும். திரும்ப மாட்டும்போது அச்சில் தண்ணீர்த் தாங்கும் கிரீஸ் தடவினால் அடுத்தமுறை சுத்தியல் வேண்டியிருக்காது.

கையோடு காற்றாடியின் நடுவில் உள்ள ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள். பாக் விரிகுடா ஆழமில்லாதது, காற்றாடி தரையில் தட்டும் சந்தர்ப்பம் அதிகம். தட்டும்போது பல்சக்கரத்தைக் காப்பாற்றுவதற்காக இந்த ரப்பர் வழுக்கும். அப்படியே கெட்டுப்போனால் எஞ்சின் அலறும், படகு நகராது. உள்வளையத்தையும் வெளி உடம்பையும் சேர்த்து ஒரு நேர்கோடு கீறிவிட்டு ஒரு நடை போய்வாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் புஷ் வழுக்கியிருக்கிறது.

குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லரை, எந்த நிலையில் இருந்தாலும், இப்போதே மாற்றிவிடுங்கள். விலை அதிகமில்லாத ரப்பர்ச் சக்கரம் அது. சேறும் மணலும் கலந்த தண்ணீரில் சீக்கிரம் தேயும். பழையதைக் கையில் எடுத்து, இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்து விறைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் இதழ் குறைந்தால், காணாமல்போன துண்டு மேலே குழாயில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை. எஞ்சினை ஒரு நொடிகூடத் தண்ணீரில்லாமல் கரையில் ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள், காட்டவும் செய்யாதீர்கள். விற்றவர் ஓட்டிக் காட்டியது டிரம் தண்ணீரிலா, வெறும் தாங்கியிலா?

எரிபொருள் விஷயத்தில் காலம் மாறியிருக்கிறது. பங்கில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பழைய ரப்பர்க் குழாய்களை ஊதவைத்து உள்ளே செதிலாக உரியவும் வைக்கும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் மொத்தத்தையும் அகற்றுங்கள். குழாய், கையால் அமுக்கும் ரப்பர் பல்பு, இணைப்பிகள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போடுங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

ஆயில் கலப்பு உங்கள் மாடலின் கையேட்டில் உள்ளபடி. 50-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 24 லிட்டர் டேங்குக்கு 480 மில்லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள். டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று இருக்கும் படகு ஆயில்தான் வேண்டும், பைக்குக்கு விற்கும் டூ-டி ஆயில் அல்ல. மண்ணெண்ணெயில் ஓடும் மாடல் என்றால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறி, நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்குத் திரும்பிவிட வேண்டும். பலர் இந்தக் கடைசிப் பாதியை மறந்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் தோள்பட்டை வலிக்கக் கயிறு இழுப்பார்கள்.

அடிக்காலில் திருகியிருக்கும் ஜிங்க் கட்டி, அலுமினிய உடம்புக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே இருப்பது. பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். கரையவே இல்லையென்றால் யாரோ அதன்மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அப்போது அரிபடுவது எஞ்சின்தான். படகின் அடிக்குக் கொட்டலசு (அடியில் ஒட்டி வளரும் சிப்பிபோன்ற உயிரி) ஒட்டாத பெயிண்ட் அடிக்கும்போதும் கவனம் வேண்டும். செம்பு கலந்த பெயிண்ட் எஞ்சினின் அலுமினியக் காலில் படக்கூடாது. கொட்டலசைச் சுரண்ட மரச்சட்டமோ பிளாஸ்டிக் தகடோ போதும். மண்வெட்டியால் சுரண்டினால் கொட்டலசோடு ஜெல்கோட்டும் சேர்ந்து வரும்.

எல்லாம் முடிந்து முதல்முறை இறக்கும்போது, காலை அமைதியில், கூட இன்னொரு படகோடு, கரை தெரியும் தூரத்துக்குள் ஓட்டுங்கள். காற்றாடிக்கு மேலே உள்ள கிடைத்தகடான கேவிடேஷன் பிளேட் படகின் அடிக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்கிறதா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள். மேலே ஏறியிருந்தால் திருப்பத்தில் காற்றாடி காற்றைக் கடையும். எஞ்சின் மாட்டும் சட்டத்தின் கைத்திருகுகளைப் பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு மீண்டும் இறுக்குங்கள், தனியே ஒரு சங்கிலி போட்டு எஞ்சினைப் படகோடு கட்டுங்கள். பின்பக்கம் பீச்சும் தண்ணீரில் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கை பொறுக்காத சூடு என்றாலோ, பீச்சல் மெலிந்தாலோ உடனே நிறுத்துங்கள். துடுப்பு, நங்கூரம், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், உபரி பிளக், பிளக் ஸ்பானர், காற்றாடியின் பின்கள், ஸ்டார்ட்டர் கயிறு ஆகியவை படகிலேயே தங்கட்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. கரையிலிருந்து விலகினால் கைப்பேசிக்குச் சிக்னல் இருக்காது என்பதால் விஎச்எஃப் வானொலிக் கருவி ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

அன்றாடப் பராமரிப்பில் சிறப்பாகச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கரைக்கு வந்ததும் டிரம்மில் நன்னீர் நிரப்பிப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். தினமும் எஞ்சினைத் தூக்கிவர முடியாது என்பீர்கள். முடியாதுதான். வாரம் இருமுறையாவது செய்கிற எஞ்சினும், ஒருநாளும் செய்யாத எஞ்சினும் ஐந்து வருடம் கழித்து ஒரே பட்டறைக்கு வரும்போது யார் எவர் என்று மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும். செய்யாத எஞ்சினில் உப்பு படிந்து தண்ணீர் ஓடும் பாதையே சுருங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் படகைக் கட்டிப்போடும் நாட்களுக்கு, கார்பரேட்டரில் பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு, பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டுக் கயிற்றை மெதுவாக இரண்டு இழுப்பு இழுத்து, எஞ்சினை நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தே தீர வேண்டுமென்றால் தலை மேட்டிலும் கால் பள்ளத்திலும் இருக்கட்டும். இல்லையென்றால் புகைவழியில் தங்கிய தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக் பற்றிக் கேட்டீர்கள். எரிபொருள் மிச்சம், புகை குறைவு, ஆயில் கலக்கும் வேலையில்லை. ஆனால் அதே திறனுக்குக் கனம் கூடுதல், விலை கூடுதல், 100 மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும், கடலில் கோளாறானால் பாகமும் ஆளும் டூ ஸ்ட்ரோக்குக்குக் கிடைப்பதுபோல் எல்லாக் கரையிலும் கிடைப்பதில்லை. உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் இரண்டு பக்கமும் சமமாக வந்தால் இரண்டு பருவம் அதிலேயே ஓட்டுங்கள். அந்தப் பணத்தைப் படகின் உடம்பில் போடுங்கள்.

கடைசியாகக் காகிதம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-இன் கீழ் படகு மீன்வளத் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். படகில் எழுதியுள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, எஞ்சினின் வரிசை எண் விற்பனை ரசீதோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கு உடனே விண்ணப்பியுங்கள். பெயர் மாறாத படகுக்கு மானியமும் கேட்க முடியாது, காப்பீடும் கேட்க முடியாது. பழைய எண்ணின்மேல் புதுப் பெயிண்ட் அடித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை மட்டும் தண்ணீர்க் காகிதத்தால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மெல்லத் தேய்த்து, அடியில் இருப்பது அதே எண்தானா என்று மீதிப் பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.